உலர்புல் தின்னும் குதிரைக்குக் கனிமச் சத்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்ணை வீடுகளில் ஒன்றிரண்டு குதிரை வளர்ப்பவர்கள் இப்போது அதிகம். அந்தியூர் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கி வருகிறார்கள். அந்தக் குதிரை வண்டி இழுப்பதில்லை, தினமும் ஓடுவதுமில்லை. ஆனால் தீனி மட்டும் உழைக்கிற குதிரைக்குப் போடுகிற அளவு. கொஞ்ச மாதத்தில் பிடரி ஓரம் கழுத்து தடித்து, வாலடியில் கொழுப்பு திரண்டுவிடும். பார்ப்பவர்கள் ‘நல்லா தேறியிருக்கு’ என்பார்கள். உள்ளே இன்சுலின் ஏறிக்கொண்டிருக்கும்.

இன்சுலின் ஏறினால் குளம்பு கெடும். 2007-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஆரோக்கியமான போனிகளுக்கு (சிறு இனக் குதிரைகளுக்கு) ரத்தச் சர்க்கரையை இயல்பான அளவில் வைத்துக்கொண்டு இன்சுலினை மட்டும் தொடர்ந்து ஏற்றிப் பார்த்தார்கள். மூன்று நாளுக்குள் லேமினைடிஸ் என்கிற குளம்பு அழற்சி நோய் வந்துவிட்டது. அதனால் ‘சுகர் பார்த்தோம், நார்மல்தான்’ என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. இந்தக் குதிரைகளில் சர்க்கரை பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும். கால்நடை மருத்துவரிடம் இன்சுலின் பரிசோதனை என்று கேட்டு எடுக்க வேண்டும்.

இப்படிப்பட்ட குதிரைக்கு அடிப்படைத் தீனி உலர்புல். உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரை கொடுக்கலாம். ஆனால் புல்லில் எல்லாக் கனிமங்களும் தேவையான அளவில் இருக்காது. சில குறையும், சில தேவையைப் போல நான்கு மடங்கு இருக்கும். கெடுதல் பெரும்பாலும் வருவது, என்ன குறைகிறது என்று பார்க்காமலே நாம் எடுத்துப் போடுகிற பொருள்களால்தான்.

புல்லைப் பார்க்காமல் பொடி வாங்குவது

கழுத்து தடித்த குதிரைக்கு மெக்னீசியம் கொடுத்தால் சரியாகிவிடும் என்ற பேச்சு வெகு நாளாக இருக்கிறது. லேமினைடிஸ் வந்த பருமனான குதிரைகளுக்குக் குரோமியமும் மெக்னீசியமும் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2011-இல் வெளியானது. இன்சுலின் விஷயத்தில் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. மெக்னீசியம் குறைந்தால் கொடுக்கத்தான் வேண்டும். அதை மருந்தாக நினைத்துக்கொண்டு புல்லின் சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டால்தான் ஆபத்து. புல்லில் சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அது 18 ஆக இருந்தால் எந்தப் பொடியும் காப்பாற்றாது. ‘உலர்புல்தானே, இனிப்பு எங்கே இருக்கப்போகிறது’ என்று நினைக்காதீர்கள். வடக்கிலிருந்து வருகிற ஓட்ஸ் உலர்புல்லில் கதிர் நிறைய இருந்தால் மாவுச்சத்து தாராளமாக இருக்கும்.

இதைக் கண்ணால் சொல்ல முடியாது, பரிசோதனைதான் வழி. ஒரு கட்டிலிருந்து ஒரு பிடி உருவி அனுப்பினால் அது அந்தப் பிடியின் கணக்கு மட்டுமே. வந்த லோடில் பதினைந்து இருபது கட்டுகளின் நடுப்பகுதியிலிருந்து எடுத்துக் கலந்து, அதிலிருந்து ஒரு பங்கு அனுப்புங்கள். கனிமங்களை ஒளிக்கற்றை முறையில் பார்த்த எண்கள் நம்பகமில்லை. ரசாயன முறையில் பார்க்கச் சொல்லுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. எந்தெந்தக் கனிமம் பார்ப்பார்கள் என்று முதலில் கேட்டுக்கொண்டு மாதிரி அனுப்பலாம். அறிக்கை வந்ததும் எண்கள் ஈரத்தோடு சேர்த்ததா, உலர் எடைக்கானதா என்று பாருங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் கணக்கு முழுவதும் தவறிப்போகும்.

சர்க்கரை கூடுதலாக இருந்தால் சாதாரணத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுக்கலாம். ராத்திரி முழுக்க ஊறப்போடுவது நம் வெயிலுக்கு ஆகாது, புளித்துவிடும். ஊறும்போது பொட்டாசியம் நிறையவும் பாஸ்பரஸ், மெக்னீசியம் ஓரளவும் கரைந்து போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தவிடு

என்னைக் கேட்டால் நம் ஊரில் அதிகம் கெடுதல் செய்கிற பழக்கம் இதுதான். கோதுமைத் தவிடு குளிர்ச்சி, செரிமானத்துக்கு நல்லது என்று தினமும் இரண்டு கிலோ போடுகிறார்கள்.

500 கிலோ குதிரைக்கு ஒரு நாள் தேவை கால்சியம் 20 கிராம், பாஸ்பரஸ் 14 கிராம். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2007-இல் வெளியிட்ட அட்டவணை இது. 8 கிலோ உலர்புல் கொடுக்கிறீர்கள், அதில் கால்சியம் 0.35 சதவீதம், பாஸ்பரஸ் 0.25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். புல்லிலிருந்தே 28 கிராம் கால்சியமும் 20 கிராம் பாஸ்பரஸும் கிடைத்துவிடும். விகிதம் 1.4-க்கு 1. நல்ல நிலைதான்.

இப்போது இரண்டு கிலோ தவிட்டைச் சேருங்கள். அதில் பாஸ்பரஸ் சுமார் 20 கிராம், கால்சியம் இரண்டரை கிராம்கூடத் தேறாது. மொத்தம் கால்சியம் 30, பாஸ்பரஸ் 40. விகிதம் தலைகீழாகிவிட்டது. பாஸ்பரஸ் மிஞ்சும்போது கால்சியம் உடம்பில் சேர்வது தடைபடும். ரத்தத்தில் கால்சியம் குறையவிடாமல் உடம்பு எலும்பிலிருந்து உருவி எடுக்கும். முகத்தெலும்பு இரண்டு பக்கமும் புடைக்கும், பல் ஆடும், இன்று ஒரு கால் நாளை ஒரு கால் என்று நொண்டும். மாவு ஆலை வைத்திருந்தவர்கள் தங்கள் குதிரைகளுக்குத் தவிட்டையே போட்டு இந்த நோயை வரவழைத்ததால், ஆங்கிலத்தில் ஆலைக்காரர் நோய் என்றே இதற்கு ஒரு பெயர் உண்டு.

ரத்தத்தில் கால்சியம் பார்த்தால் நார்மல் என்றே வரும். எலும்பைக் கரைத்து அதைச் சமன் செய்துகொண்டிருப்பதால்தான் அப்படி வருகிறது. ஆகவே இந்தப் பரிசோதனையை வைத்துத் தீனி சரி என்று முடிவு செய்யாதீர்கள்.

கால்சியம் கொடுத்துச் சரிசெய்யலாம்தான். 60 கிராம் சுண்ணாம்புக்கல் தூள் சேர்த்தால் விகிதம் 1.3-க்கு வந்துவிடும். ஆனால் பருமனான குதிரைக்கு அந்தத் தவிடே தேவையில்லை, அதிலும் மாவுச்சத்து இருக்கிறது. மருந்தோ கனிமப் பொடியோ கலந்து கொடுக்க ஒரு கைப்பிடி போதும்.

கொள்ளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழி மனிதருக்குச் சொன்னது. கொழுத்த குதிரைக்கு அவித்த கொள்ளு மேலும் மாவுச்சத்துதான். உழைக்கிற குதிரைக்கு நல்ல தீனி. இன்சுலின் ஏறிய குதிரைக்கு வேண்டாம்.

மாட்டுக்கு ஒத்துவருகிற புல்

கால்சியம் புல்லில் இருந்தும் குதிரைக்குக் கிடைக்காமல் போவது உண்டு. கொழுக்கட்டைப் புல், கினியாப் புல், கம்பு நேப்பியர் ஆகியவற்றில் ஆக்சலேட் இருக்கிறது. அது கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு கரையாத உப்பாகிவிடும். மாட்டின் முதல் வயிற்றிலேயே இருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். குதிரைக்கு நுண்ணுயிர்கள் பெருங்குடலில் இருக்கின்றன. கால்சியம் உறிஞ்சப்படுவதோ அதற்கு முன்னால் சிறுகுடலில். பக்கத்துத் தொழுவத்தில் மாடு அதே புல்லைத் தின்று நன்றாக இருக்கிறது என்பது குதிரைக்குச் சான்று ஆகாது.

அதனால் இந்தப் புற்களையே முழுத் தீனியாக வைக்காதீர்கள். வேறு உலர்புல் கலந்து, கொஞ்சம் காய்ந்த குதிரை மசாலும் (லூசர்ன்) சேருங்கள். குதிரை மசாலில் கால்சியம் பாஸ்பரஸைவிட ஐந்து மடங்கு வரை இருக்கும். ஒரு கிலோ சேர்த்தாலே வித்தியாசம் வரும். அதற்கு ஈடாகப் புல்லைக் குறைத்துக்கொள்ளுங்கள், எடை ஏறிவிடக் கூடாது. குதிரை மசால் கொடுத்ததும் கால் கூசி நடக்கிற குதிரைகளும் உண்டு. அப்படித் தெரிந்தால் நிறுத்திவிட்டுச் சுண்ணாம்புக்கல் தூளுக்கு மாறுங்கள்.

இரும்பு டானிக்

சோர்வாக இருக்கிறதா, ரத்தம் குறைவு, இரும்பு டானிக் கொடு என்பது பழக்கமாகிவிட்டது. புல் தின்கிற குதிரைக்கு இரும்புப் பற்றாக்குறை வருவது மிக மிக அரிது. ஒரு நாள் தேவை 400 மில்லிகிராம். கிலோவுக்கு 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிற புல்லை 8 கிலோ தின்றால் 1,600 மில்லிகிராம் உள்ளே போகிறது. செம்மண் ஒட்டிய புல்லில் இன்னும் கூடுதலாக இருக்கும். போர்த் தண்ணீர் தொட்டியில் காவிக் கறை படிந்தால் தண்ணீரிலும் இரும்பு இருக்கிறது என்று பொருள்.

உடம்புக்குள் சேர்ந்த இரும்பைக் கழிக்கக் குதிரைக்குச் சரியான வழி இல்லை, ஈரலில் தங்கும். நெதர்லாந்தில் இரும்பு மிகுந்த தண்ணீரை வருடக்கணக்கில் குடித்த 21 குதிரைகளுக்கும் ஒரு கழுதைக்கும் ஈரல் கெட்டுப்போனதை 2019-இல் கால்நடை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். இன்சுலின் ஏறிய குதிரைகளில் இரும்புச் சேமிப்பும் கூடுதலாக இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எது காரணம், எது விளைவு என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. எப்படியிருந்தாலும் டானிக்கை நிறுத்துவதில் நஷ்டம் எதுவும் இல்லை.

தாமிரமும் துத்தநாகமும்

உண்மையில் குறைவது இவை இரண்டும்தான். அதே 8 கிலோ புல்லில் கிலோவுக்குத் தாமிரம் 6, துத்தநாகம் 20 மில்லிகிராம் இருந்தால் கிடைப்பது 48, 160. தேவையோ 100, 400. கூடவே இரும்பு அதிகமாக இருந்தால் இவை உடம்பில் சேர்வது இன்னும் குறையலாம். மயிர் நுனி செம்பட்டையாவது, குளம்பு ஓரம் பொரிந்து உதிர்வது, லாட ஆணி பிடிக்காமல் கழல்வது எல்லாவற்றுக்கும் இந்தக் குறை ஒரு காரணம். நம் மண்ணில் துத்தநாகக் குறை பரவலானது. நெல்லுக்குத் துத்தநாக சல்பேட் போடுகிற விவசாயிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் வயலுக்கு வாங்கிய அந்த மூட்டையிலிருந்தே ஒரு ஸ்பூன் எடுத்துக் குதிரைக்குப் போட்டுவிடாதீர்கள். உரத்தர சல்பேட்டில் காரீயமும் காட்மியமும் கலந்திருக்கலாம். தீவனத் தரம் என்று கேட்டு வாங்க வேண்டும். அளவும் ஸ்பூன் கணக்கில் இல்லை. தாமிர சல்பேட்டில் கால் பங்கு தாமிரம், அதாவது 100 மில்லிகிராம் தாமிரத்துக்கு வெறும் 0.4 கிராம் தூள் போதும். நகைக் கடையில் வைத்திருக்கிற மாதிரிச் சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு வேண்டியதைத் தினப் பொட்டலங்களாக நிறுத்து மடித்து வைத்துவிட்டால் தீனி போடுகிறவர் யாராக இருந்தாலும் தவறாது.

எவ்வளவு ஏற்றலாம்? புல்லையும் சேர்த்து மொத்தம் தேவையைப் போல ஒன்றரை மடங்கு என்பது நிதானமான அளவு. தாமிரம் 150, துத்தநாகம் 450 முதல் 600 மில்லிகிராம். தாமிரத்தைப் போல மூன்று நான்கு மடங்கு துத்தநாகம் என்ற விகிதம் மாறக் கூடாது. இரும்பு மிக அதிகம் என்பதற்காக அதைத் துரத்திக்கொண்டு தாமிரத்தை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள், முதலில் இரும்பு வருகிற வழிகளை அடைத்துவிடுங்கள். அப்புறம், செம்மறி ஆடுகள் இருந்தால் இந்தத் தீனித் தொட்டிப் பக்கம் விடக் கூடாது. குதிரை தாங்குகிற தாமிரம் செம்மறிக்கு விஷம்.

உப்பு, மாட்டுப் பொடி, செலினியம்

புல்லில் சோடியம் குறைவு. 500 கிலோ குதிரைக்குத் தினம் 25 கிராம் சாதாரண உப்பு வேண்டும், வியர்க்கிற நாளில் இன்னும் கூடுதலாக. நக்குவதற்குச் சிவப்பு உப்புக் கட்டியைத் தொங்கவிட்டால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். பல குதிரைகள் போதுமான அளவு நக்குவதில்லை, அந்தச் சிவப்பு நிறமும் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு. தீனியிலேயே கலந்து கொடுங்கள். வெல்லப்பாகு சேர்த்த கட்டி வேண்டவே வேண்டாம்.

மாட்டுத் தாது உப்புக் கலவை விலை குறைவு என்று குதிரைக்குப் போடுவார்கள். அது கறவை மாட்டின் கணக்குக்குச் செய்தது, அதில் இரும்பும் இருக்கும். இதைவிடப் பெரிய ஆபத்து மோனென்சின். சில மாட்டுத் தீவனங்களிலும் கோழித் தீவனங்களிலும் சேர்க்கப்படுகிற இந்த மருந்து மிகச் சிறிய அளவிலேயே குதிரையின் இதயத் தசையைக் கெடுத்துக் கொன்றுவிடும். பையில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் குதிரைக் கொட்டிலுக்குள் கொண்டுவராதீர்கள்.

செலினியம் ஒரு நாளைக்கு 1 மில்லிகிராம் போதும். குளம்புக்கு ஒரு பொடி, மினுமினுப்புக்கு ஒரு பொடி, தசைக்கு ஒரு மருந்து என்று அடுக்கும்போது மூன்றிலும் செலினியம் இருக்கலாம். பிடரி மயிரும் வால் மயிரும் உதிர்ந்து, குளம்பு மேல் விளிம்பை ஒட்டிக் குறுக்காக வெடித்தால் உடனே அதைச் சந்தேகியுங்கள். 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், போட்டிக்கு வந்த 21 போலோ குதிரைகள் செத்துப்போயின. சத்து ஊசியில் செலினியத்தின் அளவைத் தவறாகக் கலந்ததுதான் காரணம். ஆகவே எல்லா டப்பாக்களின் லேபிளையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டுங்கள். புல்லின் எண்களையும் அதே தாளில் எழுதி, அதை மருத்துவரிடம் காட்டிவிட்டு எதைக் கூட்டுவது, எதை நிறுத்துவது என்று முடிவு செய்யுங்கள்.

லோடு மாறினால் கணக்கும் மாறும், புதிதாகப் பார்க்க வேண்டும். ஆனால் பலன் தெரியவில்லை என்று மாதா மாதம் பொடியை மாற்றாதீர்கள். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். மேல் விளிம்பிலிருந்து தரை வரை புதுக் குளம்பு இறங்க 9 முதல் 12 மாதம் ஆகும். மூன்று மாதம் கழித்து மேல் விளிம்பை ஒட்டிய ஒன்றரை இரண்டு விரற்கடை அகலத்தை மட்டும் பாருங்கள். அங்கே கோடுகள் குறைந்து, கீழே இருப்பதைவிட வழவழப்பாக இறங்கியிருந்தால் தீனி சரியான வழியில் போகிறது.