பைக்குள் வைக்க ஒரு மடக்குக் கத்தி

சொட்டுநீர்க் குழாயை வெட்ட, உர மூட்டையின் தையலைப் பிரிக்க, பெங்களூரா மாங்காயைக் கீற்று போட என்று கிருஷ்ணகிரி பக்கம் தோட்டவேலை இருப்பவர்களுக்கு மடக்குக் கத்தி தினமும் தேவைப்படும். 7 அல்லது 8 சென்டிமீட்டர் அலகு போதும். எடை 100 கிராமைத் தாண்டினால் வேட்டி மடிப்பிலும் நிற்காது, சட்டைப்பையையும் இழுக்கும்.

கடையிலேயே விரித்துப் பாருங்கள். அலகைப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டினால் லொடலொடவென்று ஆடக் கூடாது. பிறகு, விரல்களை அலகு மடங்கும் வழியில் வைக்காமல், அதன் முதுகை மேசையில் லேசாக அழுத்துங்கள். விரித்த அலகு மடங்காமல் பிடித்து நிறுத்தும் பூட்டு நழுவினால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம், விரல் போய்விடும். பூட்டே இல்லாத பழைய பேனாக்கத்தி பழம் நறுக்க மட்டும் சரி.

மாங்காய்ப் பாலும் புளிப்பும் படுகிற கத்திக்குத் துருப்பிடிக்காத எஃகுதான் நல்லது. கார்பன் எஃகு சீக்கிரம் கூர் ஏறும், ஆனால் துடைக்காமல் மடக்கினால் கறுத்துவிடும். கீலுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் வகை வேண்டவே வேண்டாம், வீண் வம்பு. அப்புறம், பெங்களூரு போய் விமானம் ஏறுகிறவர்கள் கத்தியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கைப்பையில் அனுமதிக்க மாட்டார்கள்.