தமிழ்நாட்டு பி.பி.டி. பட்டத்துடன் அமெரிக்க மாநில உரிமம் பெறும் வழி

அமெரிக்காவில் பிசியோதெரபிஸ்டுக்கு நாடு முழுவதற்குமான உரிமம் என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு மாநிலமும் தனிச் சட்டம் இயற்றி, தனி வாரியம் அமைத்து, தன் எல்லைக்குள் மட்டும் செல்லுபடியாகும் உரிமத்தை வழங்குகிறது. நான் டெக்சாஸ் உரிமம் பெற்றவன். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழோ நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலோ பி.பி.டி. என்னும் பிசியோதெரபி இளநிலைப் பட்டம் முடித்து, இன்னும் சென்னையிலோ கோவையிலோ இருந்துகொண்டு விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தல்

எல்லாப் படிகளுக்கும் முன்பாக இதைச் செய்துவிட வேண்டும், ஏனெனில் சான்றிதழ் மதிப்பீட்டின் வகை முதல் சட்டத் தேர்வு வரை பின்னால் வரும் அனைத்தும் மாநிலத்தைப் பொறுத்தே மாறுகின்றன. எடுத்துக்காட்டாக, கலிபோர்னியா வெளிநாட்டில் படித்தவர்களிடம் ஒன்பது மாதங்கள் வரையிலான மேற்பார்வைப் பணிக்காலத்தை எதிர்பார்க்கிறது. மாநில வாரியங்களின் கூட்டமைப்பான எஃப்.எஸ்.பி.பி.டி.யின் இணையதளத்தில் எல்லா மாநில விதிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழிகாட்டி உள்ளது. ஏஜென்டுகள் தரும் சுருக்கப் பட்டியலைவிட அதுவே நம்பத்தக்கது. அதைப் பார்த்தபின், தேர்ந்தெடுத்த மாநிலத்தின் சட்டத்தையும் விதிகளையும் முழுமையாக ஒருமுறை படித்துவிடுங்கள்.

'எளிதான மாநிலத்தில் வாங்கிவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்ற அறிவுரையை நான் ஏற்பதில்லை. பிசியோதெரபிஸ்டுகள் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் 'ஷெட்யூல் ஏ' பட்டியலில் இருப்பதால், நிரந்தரக் குடியேற்றத்துக்கு விண்ணப்பிக்கும்போது வழக்கமான தொழிலாளர் சான்று நடைமுறை அவர்களுக்குத் தேவைப்படாது. ஆனால் அந்தச் சலுகைக்கு, வேலை பார்க்கப்போகும் அதே மாநிலத்தின் உரிமமோ, அம்மாநிலத் தேர்வை எழுத நீங்கள் தகுதியானவர் என்று வாரியம் தரும் கடிதமோ வேண்டும். ஆகவே வேலை எங்கே கிடைக்கக்கூடுமோ அந்த மாநிலத்தையே தேர்ந்தெடுங்கள். ஒரு மாநில உரிமத்தைக் கொண்டு மற்ற உறுப்பு மாநிலங்களிலும் பணிபுரிய வழிசெய்யும், 2018 முதல் நடைமுறையில் இருக்கும் 'பி.டி. காம்பாக்ட்' ஒப்பந்தமும் உறுப்பு மாநிலம் ஒன்றில் குடியிருந்து, அங்கே உரிமம் வைத்திருப்பவர்களுக்கானது. இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவருக்குத் தொடக்கத்தில் அது உதவாது.

படி 2: சான்றிதழ் மதிப்பீடு

பெரும்பாலோர் இந்தப் படியில்தான் மாதக்கணக்கில் தேங்கிவிடுகிறார்கள். எனக்கும் அதிகக் காலம் பிடித்தது இதற்குத்தான்.

2016 முதல் அமெரிக்காவில் பிசியோதெரபிஸ்ட் ஆவதற்கான அடிப்படைப் பட்டமே டி.பி.டி. என்னும் முனைவர் நிலைப் பட்டம் ஆகிவிட்டது. உங்கள் பி.பி.டி. படிப்பு அந்நாட்டின் கல்விக்கு நிகரானதா என்பதை எஃப்.சி.சி.பி.டி. போன்ற, வாரியம் ஏற்கும் அமைப்பு பாடவாரியாக ஒப்பிட்டுப் பார்க்கும். மாநில உரிமத்துக்கு மட்டுமான மதிப்பீடு வேறு. 1996ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி சுகாதாரப் பணியாளர்களுக்குத் தேவையான சான்றிதழையும் சேர்த்துத் தரும் மதிப்பீடு வேறு. எது தேவை என்பதை வாரியத்திடமும் வேலை தருபவரிடமும் கேட்டபிறகே பணம் கட்டுங்கள்.

நம் மதிப்பெண் பட்டியலில் மதிப்பெண்கள் இருக்கின்றன, ஆனால் பாடத்துக்கு எத்தனை மணிநேரம் என்ற விவரம் இருப்பதில்லை. மதிப்பிடுபவருக்குத் தேவைப்படுவதோ அந்த மணிநேரம்தான். ஆகையால் ஒவ்வொரு பாடத்துக்கும் வகுப்பு, செய்முறை, மருத்துவமனைப் பயிற்சி ஆகியவற்றின் மணிநேரத்தைத் தனித்தனியாகப் பிரித்து, கல்லூரியின் கடிதத்தாளில், முதல்வரின் கையொப்பத்துடன் ஒரு அறிக்கை வாங்குங்கள். ஆறு மாத இன்டர்ன்ஷிப்பையும் எலும்பியல், நரம்பியல், இதய நுரையீரல் பிரிவு என்று துறைவாரியாக மணிநேரத்தில் காட்டச் சொல்லுங்கள். சிலபஸ் கேட்கும்போது, நீங்கள் சேர்ந்த ஆண்டுக்குரிய ஒழுங்குமுறையின்படியான சிலபஸ்தானா என்று பக்கம் பக்கமாகச் சரிபாருங்கள்; இப்போது நடப்பில் உள்ளதை எடுத்துக் கொடுத்தால் மதிப்பெண் பட்டியலில் உள்ள பாடப் பெயர்களோடு பொருந்தாது. டிரான்ஸ்கிரிப்ட் உறையைப் பல்கலைக்கழகமே முத்திரையிட்டு நேரடியாக அனுப்ப வேண்டும். நம் கைக்கு வந்து, நாம் பிரித்து அனுப்பினால் ஏற்கமாட்டார்கள்.

அடுத்தது பெயர். வடநாட்டுக் குடும்பப் பெயர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இது இருக்காது. பட்டத்தில் 'எஸ். கார்த்திக்' என்று இனிஷியலோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிந்து குடும்பப் பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். மணமான பெண்களுக்குக் கணவர் பெயரும் சேர்ந்து மூன்றாவது வடிவம் ஒன்று உருவாகியிருக்கும். தேர்வு மையத்தில் அடையாள அட்டையில் உள்ள பெயரும் பதிவுசெய்த பெயரும் ஒன்றாக இல்லையென்றால் உள்ளே விடமாட்டார்கள். எனவே பாஸ்போர்ட்டில் உள்ளதை, எழுத்துப் பிசகாமல், எல்லாப் படிவங்களிலும் ஒரே வரிசையில் எழுதுங்கள். பட்டத்தில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒரே நபருடையவை என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து, மதிப்பீட்டு அமைப்புக்கும் வாரியத்துக்கும் கேட்கும் முன்பே அனுப்பிவிடுங்கள்.

மதிப்பீட்டில் குறை சொல்லப்பட்டால் மனம் தளர வேண்டாம். பொதுக்கல்விப் பாடங்களில் குறை என்றால், அமைப்பும் வாரியமும் ஏற்கும் பட்சத்தில், கல்லூரிப் பாடத்துக்கு ஈடாக எழுதும் 'கிளெப்' தேர்வுகளால் ஈடுகட்டலாம். தொழிற்பாடங்களில் குறை என்றால் அந்தப் பாடங்களைப் படித்தாக வேண்டும். மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வருமுன் இணையவழி டி.பி.டி. படிப்புகளுக்குப் பணம் கட்டுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். எந்தப் பாடம் குறைகிறது என்று தெரியாமல் கட்டும் அந்தப் பணம், குறையும் பாடத்தைத் தொடாமலேயே போகலாம்.

படி 3: ஆங்கிலத் தேர்வு

டோஃபல் தேர்வில் மொத்த மதிப்பெண் மட்டும் போதாது. பேச்சு, எழுத்து, வாசிப்பு, கேட்டல் ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு உண்டு. பேச்சுக்கு நேரம் ஒதுக்குங்கள்.

படி 4: வாரிய விண்ணப்பமும் என்.பி.டி.இ. தேர்வும்

என்.பி.டி.இ. என்னும் தேசிய பிசியோதெரபித் தேர்வை நடத்துவது எஃப்.எஸ்.பி.பி.டி.; உரிமம் தருவது மாநில வாரியம். தகுதி உறுதியானபின் வரும் அனுமதிக் கடிதத்தைக் கொண்டு பிரோமெட்ரிக் மையத்தில் இடம் பதிவுசெய்ய வேண்டும். தேர்வு குறிப்பிட்ட சில நாட்களில், அமெரிக்காவிலும் அதன் ஆட்சிப் பகுதிகளிலும் மட்டுமே நடக்கிறது. 2024 முதல் மொத்தம் 225 கேள்விகள். அவற்றில் 180க்கு மட்டுமே மதிப்பெண். 200 முதல் 800 வரையிலான அளவில் 600 எடுத்தால் தேர்ச்சி. பன்னிரண்டு மாதங்களில் மூன்று முறை, வாழ்நாளில் ஆறு முறை மட்டுமே எழுதலாம் என்பதால், 'ஒருமுறை எழுதிப் பார்ப்போம்' என்று போகக் கூடாது. பயிற்சிக்கு எஃப்.எஸ்.பி.பி.டி.யே தரும் 'பீட்' மாதிரித் தேர்வையே நான் பரிந்துரைப்பேன்.

தேர்வெழுதியவர்கள் நினைவில் வைத்துச் சொல்லும் கேள்விகளைப் பணம் கொடுத்தோ இலவசமாகவோ வாங்காதீர்கள். இத்தகைய கேள்விப் பகிர்வின் காரணமாக 2010ஆம் ஆண்டு எகிப்து, இந்தியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ் ஆகிய நான்கு நாடுகளில் படித்த அனைவருக்கும் இத்தேர்வு நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு அவர்களுக்கெனத் தனித் தேர்வு வடிவமே உருவாக்கப்பட்டது. நேர்மையாகப் படித்துக் காத்திருந்தவர்களும் அதில் சிக்கினார்கள். வாட்ஸ்அப் குழுவில் அத்தகைய கோப்பு வந்தால் குழுவை விட்டே வெளியேறிவிடுங்கள்.

படி 5: சட்டத் தேர்வும் கைரேகையும்

டெக்சாஸில் மாநிலச் சட்டம் பற்றிய 'ஜாம்' என்னும் தேர்வும் கைரேகைச் சோதனையும் உண்டு. சட்டத்தை முன்பே படித்திருந்தால் இந்தப் படி எளிது. உரிமத்தை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க, பிசியோதெரபிஸ்டுக்கு 30, உதவியாளருக்கு 20 தொடர்கல்வி அலகுகள் வேண்டும்.

உதவியாளர் உரிமம் பற்றி

பி.டி.ஏ. எனப்படும் உதவியாளர் உரிமத்தைக் குறுக்குவழியாக எண்ணிப் பலர் எழுதிக் கேட்கிறார்கள். அதற்கும் தனிக் கல்வித் தகுதி, 180 கேள்விகள் கொண்ட தனித் தேர்வு, தனி விதிகள் உள்ளன. நோயாளியை மதிப்பிடுவதும் சிகிச்சைத் திட்டம் வகுப்பதும் பிசியோதெரபிஸ்டின் பொறுப்பு. அந்தத் திட்டத்துக்குள் நின்று சிகிச்சை தருவதே உதவியாளரின் பணி. மேற்பார்வை எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 'ஷெட்யூல் ஏ' சலுகை உதவியாளருக்கு இல்லை. 'எய்ட்' அல்லது 'டெக்னீஷியன்' வேலைக்குப் பொதுவாக உரிமம் தேவையில்லை என்றாலும், அந்தப் பெயரில் இருந்துகொண்டு உரிமம் உள்ளவர் செய்ய வேண்டிய சிகிச்சையைச் செய்தால் அது சட்டமீறல். பின்னாளில் உங்கள் சொந்த விண்ணப்பத்தையே அது பாதிக்கும். கிளினிக் உரிமையாளர் சொன்னாலும் செய்யாதீர்கள்.

பின்சேர்க்கை

வாசகர்கள் பலர் ஒரே சிக்கலைக் கேட்டிருக்கிறார்கள்: சமூகப் பாதுகாப்பு எண் இல்லாமல் சில வாரியங்கள் உரிமம் தருவதில்லை, வேலை விசா இல்லாமல் அந்த எண் கிடைப்பதில்லை, உரிமம் இல்லாமல் விசா கிடைப்பதில்லை. இதற்கு வழி இருக்கிறது. மற்ற எல்லாத் தகுதிகளும் நிறைவடைந்துவிட்டன, அந்த எண்ணோ விசாவோ மட்டுமே பாக்கி என்று வாரியம் எழுத்தில் தந்தால், அதைக் கொண்டு எச்-1பி வேலை விசா மனுவை ஓராண்டுக்கு அங்கீகரிக்க இடமுண்டு. 'தகுதியுடையவர்' என்று பொதுவாக எழுதிய கடிதம் இதற்குப் போதாது. பாக்கியிருப்பது எது என்பதைக் கடிதம் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று வாரியத்திடம் முன்பே கேட்டு வாங்குங்கள்.