கேமரா வாங்குமுன் லென்ஸைப் பாருங்கள்

எந்தக் கேமரா நல்லது என்ற கேள்விக்கு விடை கிடையாது. என் படங்களில் எது சரியாக வரவில்லை என்று கேட்டால் பாதி வேலை முடிந்தது. மொபைலிலோ பழைய கேமராவிலோ கடைசியாக எடுத்த நூறு படங்களைத் திறந்து, அழிக்கத் தோன்றுபவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். படம் கெட்டதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்: வெளிச்சம் போதாமல் நாய்ஸ் (மணல் தூவியதுபோன்ற புள்ளிகள்) மொய்க்கிறது, ஆள் அசைந்ததில் முகம் கலங்கியிருக்கிறது, தூரத்துப் பறவை கடுகளவுதான் தெரிகிறது, சின்ன அறைக்குள் எல்லோரும் ஃபிரேமில் அடங்கவில்லை. இவற்றில் எது உங்கள் தொல்லை என்று தெரிந்தால் போதும், வாங்க வேண்டியது தெரிந்துவிடும்.

இந்த நான்கில் எதையும் மெகாபிக்சல் (பத்து லட்சம் பிக்சல், அதாவது படப்புள்ளி) நேரடியாகத் தீர்ப்பதில்லை. ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் துல்லியமாக அச்சிட 2480 × 3508, அதாவது ஏறத்தாழ 87 லட்சம் பிக்சல் போதும். 4கே டிவித் திரையில் இருப்பதே 83 லட்சம்தான். இன்றைய கேமராக்களில் சாதாரணமாக வரும் 20 முதல் 24 மெகாபிக்சல் தாராளம். பறவைப் படங்களை வெட்டிப் பெரிதாக்குகிறவர்களுக்கும், சுவரளவு அச்சிடுகிறவர்களுக்கும் மட்டும் அதற்கு மேல் பயன்படும்.

சென்சாரின், அதாவது ஒளியைப் படமாக மாற்றும் சில்லின், பரப்பளவு வேறு விஷயம். அளவுக்கேற்ப அதற்குப் பெயர்கள் உண்டு: ஃபுல் ஃப்ரேம் 36 × 24 மி.மீ.; ஏபிஎஸ்-சி சுமார் 23.5 × 15.6 (கேனானில் சற்றுச் சிறியது). மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3 × 13. ஒரு அங்குல சென்சார் எனப்படுவது 13.2 × 8.8. கடைசியில் உள்ளதன் பெயரை நம்பி ஏமாற வேண்டாம். பழைய வீடியோ குழாய்களின் அளவிலிருந்து வந்த வழக்கு அது. மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மி.மீ.கூடத் தேறாது. பாக்கெட் கேமராக்களில் அதிகம் காணும் 1/2.3 அங்குல சென்சாரைப் போல முப்பது மடங்கு பரப்பு ஃபுல் ஃப்ரேமுக்கு உண்டு. மங்கிய வெளிச்சத்தில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆனால் சென்சார் பெருத்தால் லென்ஸும் பெருக்கும், எடையும் ஏறும். வீட்டிலேயே தூங்கும் கேமராவால் யாருக்கும் பயனில்லை. பலருக்கு ஏபிஎஸ்-சி சரியான நடுவழி.

இனி லென்ஸ். பணத்தின் பெரும்பகுதி போக வேண்டிய இடம் இது. மாலையில் ஒரு விளக்கு எரியும் அறை, அங்கே ஓடியாடும் குழந்தை. கேமராவோடு கிட்டாக வரும் 18–55 மி.மீ. லென்ஸை (இந்த மி.மீ. எண் கூடினால் தூரத்துப் பொருள் நெருங்கித் தெரியும், குறைந்தால் அதிக இடம் அடங்கும்) முழுவதும் ஜூம் செய்தால் அதன் அபெர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, எஃப் 5.6-க்குச் சுருங்கிவிடும் (எஃப் எண் கூடினால் துளை சிறியது). ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 3200 வைத்தாலும் ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/30 நொடிக்கு அருகில்தான் நிற்கும். குழந்தையின் கை வெறும் தீற்றலாக விழும். அதே பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமரா) 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் பூட்டினால் உள்ளே வரும் வெளிச்சம் கிட்டத்தட்ட பத்து மடங்கு. ஷட்டர் 1/300 வரை போகும், கண்ணிமைகூடத் துலக்கமாக விழும். பாடியை மாற்றி இந்தப் பலனைப் பெற நினைத்தால் செலவு பல மடங்காகும். ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் கொள்வார்கள். அது உங்கள் கையின் நடுக்கத்தைத்தான் தாங்கும். எதிரே ஓடுகிறவரை நிறுத்தாது.

பறவைக்கு 400 மி.மீ.க்குக் குறைந்து எடுப்பது சிரமம். ஏபிஎஸ்-சி பாடியில் அதே லென்ஸ் 600 மி.மீ. அளவுக்கு நெருக்கிக் காட்டும் என்பதால், பறவைக்காரர்களுக்குச் சிறிய சென்சார் குறையல்ல. சின்ன அறைகளுக்கு ஏபிஎஸ்-சியில் 16 மி.மீ., ஃபுல் ஃப்ரேமில் 24 மி.மீ. தேவைப்படும். டிஜிட்டல் ஜூம் எத்தனை மடங்கு என்று எழுதியிருந்தாலும் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான்.

பாடி வாங்குவது என்றால் ஒரு மவுண்ட்டுக்குள் (லென்ஸைப் பூட்டும் வளைய அமைப்பு) நுழைவது. கேனான் ஆர்எஃப், நிக்கான் இசட், சோனி ஈ ஆகியவற்றின் லென்ஸ்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸை பானசோனிக்கும் ஓஎம் சிஸ்டமும் பகிர்கின்றன. பாடியைத் தேர்வதற்கு முன், இன்று வேண்டிய லென்ஸும் இரண்டு வருடம் கழித்து வேண்டிய லென்ஸும் அந்த மவுண்ட்டில் உங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள கேமரா) லென்ஸ்கள் கையில் இருந்தால் அடாப்டர் உதவும்: கேனானின் டிஎஸ்எல்ஆர் மவுண்ட்டான ஈஎஃப்பிலிருந்து சென்சார் 44 மி.மீ. தள்ளியிருக்கிறது, ஆர்எஃப்பில் 20 மி.மீ. மட்டுமே. அந்த இடைவெளியைத்தான் அடாப்டர் நிரப்புகிறது. மோட்டார் இல்லாத பழைய நிக்கான் லென்ஸ்கள் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் ஆட்டோஃபோகஸ் ஆகாது. கையால்தான் திருக வேண்டும்.

வீடியோதான் முக்கியம் என்றால் மூன்றைப் பாருங்கள்: மைக் சொருகத் துளை இருக்கிறதா, 4கே எடுக்கும்போது காட்சி எவ்வளவு வெட்டுப்படுகிறது, எத்தனை நிமிடத்தில் சூடாகி நிற்கிறது. நொடிக்கு 100 மெகாபிட் வீதம் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். அதற்கு வி30 (நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும்) என்று பொறித்த கார்டு போதும். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்கள் பேட்டரியைச் சீக்கிரம் குடித்துவிடும், கூடுதலாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கடையில் வெறும் பாடியைத் தூக்கிப் பார்ப்பது போதாது. நீங்கள் பயன்படுத்தப்போகும் லென்ஸைப் பூட்டி ஐந்து நிமிடம் பிடியுங்கள். வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் ஐஎஸ்ஓவை மாற்ற முடிகிறதா? சுண்டுவிரல் பிடிமானம் இல்லாமல் தொங்குகிறதா?

பழையதை வாங்குகிறீர்களா? மூடியைப் போட்டபடி ஒரு படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். ஒளிரும் புள்ளி தென்பட்டால் பிக்சல் கெட்டிருக்கிறது. எஃப் 16-ல் வெள்ளைச் சுவரை எடுங்கள். சாம்பல் நிறப் பொட்டுகள் சென்சார் தூசி, அதைத் துடைத்துவிடலாம். ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். பிறகு லென்ஸைக் கழற்றி, பின்புறமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. நாளாகிவிட்டால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்திருக்கும்; துடைத்தாலும் அந்தத் தடம் போகாது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்த லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.