டிக்கெட் எடுத்த கையோடு தடுப்பூசி அட்டையையும் எடுங்கள்

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு இந்தியாவில் இருக்கும் ஊருக்குப் போகிற தேதி முடிவானதும் முதல் வேலை, குழந்தையின் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுப்பது. கையில் 6 வாரமாவது இருந்தால் நல்லது. "சொந்த வீட்டுக்குத்தானே போகிறோம்" என்ற நினைப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஓட்டலில் ஒரு வாரம் தங்கித் திரும்புகிறவரைவிட, உறவினர் வீடுகளில் மாதக்கணக்கில் புழங்கும் நம் பிள்ளைகளுக்குத்தான் தொற்றும் வாய்ப்பு அதிகம்.

தொண்டை அடைப்பான், கக்குவான், ஹிப், நிமோகாக்கல் (கடைசி இரண்டும் நிமோனியா, மூளைக்காய்ச்சல் தரும் கிருமிகளுக்கு எதிரானவை) ஊசிகள் வயதுக்கு ஏற்றபடி போட்டாகிவிட்டதா பாருங்கள். கைக்குழந்தை என்றால் பயணத் தேதியை மருத்துவரிடம் சொல்லுங்கள். இவற்றின் முதல் டோஸை 6 வார வயதிலேயே போட்டு, அடுத்ததை 4 வாரம் கழித்துப் போட வழியுண்டு. கூட வரும் பெரியவர்களும் கக்குவான் ஊசியைப் புதுப்பித்துக்கொள்ளலாம். பிஞ்சுகளுக்கு அது பெரும்பாலும் வீட்டுக்காரர்களிடமிருந்துதான் ஒட்டுகிறது.

சிக்கல் டைபாய்டில்தான். அந்தக் கிருமியின் மேல் சர்க்கரையாலான ஓர் உறை இருக்கும். பழைய வகை ஊசியில் இருப்பது அந்த உறைச் சர்க்கரை மட்டுமே. 2 வயதுக்குக் குறைந்த குழந்தையின் உடல் அதைச் சரியாகக் கண்டுகொள்ளாது, அதனால் போட்டும் பயனில்லை. அதே சர்க்கரையை ஒரு புரதத்தோடு கோத்துவிட்டால் உடல் விழித்துக்கொள்ளும். அதுதான் கான்ஜுகேட் ஊசி. ஹிப், நிமோகாக்கல் ஊசிகளிலும் இதே உத்திதான். டைபாய்டு கான்ஜுகேட்டை 6 மாதத்திலிருந்து போடலாம், ஒரே டோஸ். கேட்கும்போது "டைபாய்டு ஊசி" என்று பொதுவாகச் சொல்லாமல் கான்ஜுகேட் வேண்டும் என்றே கேளுங்கள். நீங்கள் இருக்கும் நாட்டில் கிடைக்கவில்லையா? இந்தியாவில் குழந்தை மருத்துவர்கள் போடுகிறார்கள். ஆனால் பலன் தெரிய 2 வாரம் ஆகும். அதுவரை கொதித்து ஆறிய தண்ணீர்தான் காவல். ஊசி போட்ட பிறகும் அதை விட வேண்டாம், எந்த டைபாய்டு ஊசியும் முழுப் பாதுகாப்பு தராது.

அப்புறம் பிசிஜி, அதாவது காசநோய்த் தடுப்பூசி. பேரப்பிள்ளையின் இடது புஜத்தைத் தடவிப் பார்த்துவிட்டு "தழும்பைக் காணோமே" என்று பாட்டி கேட்டால் திகைக்க வேண்டாம். பல மேலை நாடுகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் அதைப் போடுவதில்லை. 3 மாதத்துக்கு மேல் தங்குவதாக இருந்தால், கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த சில வாரங்களுக்குள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது எங்கே போய்வந்தீர்கள் என்பதை. டைபாய்டு வெளியே தெரிய 1 முதல் 3 வாரம் வரை பிடிக்கும்.