விவாதக் கட்டுரையில் உதாரணம்: கற்றுக்கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் நம் மாணவர்களின் விவாதக் கட்டுரைகளில் உதாரணத்துக்குப் பஞ்சமே இல்லை. கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் நியூவாட்டர் வரும், இருமொழிக் கொள்கை வரும், நாடு சுதந்திரம் பெற்ற 1965 வரும். ஆனாலும் வாதம் நகராது. உதாரணத்தைச் சொன்ன பிறகு, அது தன் கருத்தை எப்படி நிலைநாட்டுகிறது என்று எழுத வேண்டிய இரண்டு மூன்று வாக்கியங்களை மாணவர் எழுதுவதில்லை. அதற்கு நாம் கற்றுக்கொடுக்கும் விதமும் ஒரு காரணம்.

உதாரணப் பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதுதான் பெரிய தவறு. சுற்றுச்சூழலுக்கு ஐந்து, தொழில்நுட்பத்துக்கு ஐந்து என்று துணைப்பாட வகுப்புகளில் தாள் தாளாகத் தருகிறார்கள். இப்படிப் படித்த பிள்ளை கேள்வியைப் பார்த்ததும், கையில் இருப்பதில் எதை நுழைக்கலாம் என்றுதான் யோசிக்கும். அதைவிட நான்கைந்து உதாரணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் பல பக்கத்திலிருந்து பார்க்கப் பழக்கலாம். நியூவாட்டரையே எடுத்துக்கொள்வோம். தண்ணீருக்கு மலேசியாவை நம்பியிருக்கும் நிலையைக் குறைப்பது பற்றிய கட்டுரை என்றால், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துடன் 1962ல் செய்துகொண்ட தண்ணீர் ஒப்பந்தம் 2061ல் முடிகிறது என்பது முக்கியம். தொழில்நுட்பம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்த்துவிடுமா என்ற கேள்விக்கு வேறொரு பகுதி வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரித்தால் மட்டும் போதவில்லை, மக்கள் தயங்காமல் குடிக்கவும் வேண்டியிருந்தது. அதனால்தான் 2002 தேசிய தின அணிவகுப்பில் அப்போதைய பிரதமர் கோ சோக் டோங்கும் பார்வையாளர்களும் சேர்ந்து நியூவாட்டரைக் குடித்தார்கள். உதாரணம் ஒன்றுதான், ஆனால் கேள்வி மாறும்போது அதிலிருந்து எடுக்க வேண்டிய பகுதியும் மாறுகிறது. இதைத்தான் வகுப்பில் பயிற்சியாகச் செய்ய வேண்டும்.

அடுத்தது, உதாரணத்தைச் சொன்னாலே நிரூபித்தாகிவிட்டது என்று விட்டுவிடுவது. 'மக்களின் பழக்கத்தை மாற்றச் சட்டம் தேவை' என்ற தலைப்புக்கு ஒரு மாணவர் இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: "எடுத்துக்காட்டாக, உணவங்காடி நிலையங்களில் தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் அபராதம். எனவே சட்டம் தேவை." சட்டம் இருக்கிறது என்பது மட்டும்தான் இதிலிருந்து தெரிகிறது. அது வேலை செய்ததா என்பது தெரியவில்லை. இந்த இடத்தில் ஆசிரியர் கேட்க வேண்டியது, "அதற்கு முன்னால் என்ன நிலைமை?" என்பதுதான். முன்னால் பல ஆண்டுகள் பிரசாரம் நடந்தது, தட்டு வைக்கும் அடுக்குகளும் வந்தன. ஆனாலும் பலர் சாப்பிட்ட தட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். 2021 செப்டம்பர் 1 முதல் அமலாக்கம் தொடங்கியது. முதல் முறை எழுத்துவழி எச்சரிக்கை, மீண்டும் பிடிபட்டால் 300 வெள்ளி அபராதம். அதன் பிறகு மேசைகள் மாறியதை எல்லாருமே பார்த்தோம். அறிவுரையும் வசதியும் இருந்தும் நடக்காதது அமலாக்கம் வந்ததும் நடந்தது என்று மாணவர் எழுதினால், அதுதான் வாதம்.

இதோடு நிறுத்தாமல் இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: "இது எங்கே பொருந்தாது?" உணவங்காடி நிலையத்தில் நாலு பேர் பார்க்கிறார்கள், அதிகாரிகளும் வருகிறார்கள். வீட்டுக்குள் குப்பையைப் பிரித்துப் போடுகிறோமா என்று யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? இந்த எல்லையைச் சொன்னால் வாதம் பலவீனமாகிவிடும் என்று மாணவர்கள் பயப்படுகிறார்கள். பயப்படவே தேவையில்லை. உதாரணம் எதுவரை செல்லும் என்று தெரிந்து எழுதுபவரைத்தான் படிப்பவர் நம்புவார்.

தமிழ்க் கட்டுரைகளுக்கே உரிய ஒரு தவறும் உண்டு. குறளையோ பழமொழியையோ சான்றாக வைத்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவது. குறள் ஒரு கருத்துக்கு அழகும் அழுத்தமும் தரும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சிங்கப்பூரில் முதியோர் பராமரிப்பு இன்று எப்படி இருக்கிறது என்பதை அது காட்டாது. குறளுக்குப் பிறகு நடப்பிலிருந்தும் ஒன்று வர வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், "90 விழுக்காட்டுச் சிங்கப்பூரர்கள்" போன்ற கற்பனை எண்கள். தேர்வறையில் யார் சரிபார்ப்பார்கள் என்று இதைச் சிலர் கண்டும் காணாமல் விடுகிறார்கள். விடக் கூடாது. பொய்யை ஆதாரமாகக் காட்டும் பழக்கம் பள்ளியோடு போய்விடாது. எண் நினைவில்லை என்றால் தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு எழுதட்டும். வீட்டில், அக்கம்பக்கத்தில் பார்த்ததை எழுதினாலும் தவறில்லை, அதை நாடு முழுவதற்கும் பொதுவாக்காமல் இருந்தால் சரி.

ஒரே பத்தியில் மூன்று உதாரணங்களை அடுக்குவதையும் பாராட்டாதீர்கள். ஒன்றை முழுமையாக எழுத வையுங்கள்.

திருத்தும்போது ஓரத்தில் 'எடுத்துக்காட்டுத் தருக' என்று மட்டும் எழுதினால், மாணவர் இன்னொன்றைக் கொண்டுவந்து ஒட்டுவார். அங்கே ஒரு கேள்வியை எழுதுங்கள்: "முன்பு எப்படி இருந்தது?", "ஏன் மாறியது?" முழுக் கட்டுரையையும் திரும்ப எழுதச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு பத்தியை மட்டும் மறுநாள் வாங்கிப் பாருங்கள்.