காய்ச்சலோடு வரும் தலைவலி: காலண்டரில் நாள் குறித்துக் கவனிப்பது எப்படி

ரங்கூனில் மழை பிடித்துவிட்டால் வீட்டுக்கு ஒருவராவது தலைவலி, காய்ச்சல் என்று படுத்துவிடுகிறார். மே மாத நடுவில் தொடங்கும் மழை அக்டோபர் வரை விடாது. ஃப்ளூவும் டெங்குவும் அந்த மாதங்களில்தான் சேர்ந்து சுற்றுகின்றன. பர்மிய மொழியில் ஃப்ளூ ‘டொக்குவே’, டெங்கு ‘த்வேலுன் டொக்குவே’. பெயரிலேயே ஒன்றுக்குள் ஒன்று இருக்கிறது. முதல் இரண்டு நாள் நோயும் அப்படித்தான். வீட்டில் உட்கார்ந்துகொண்டு இது அது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

போன மழையில் என் தம்பி படுத்தான். டாக்டர் முதலில் கேட்டது, “காய்ச்சல் எப்போது ஆரம்பித்தது?” என்றுதான். அம்மா திங்கட்கிழமை என்றார். தம்பி மனைவி ஞாயிறு ராத்திரி என்றாள். தம்பியோ சனிக்கிழமை சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோதே தலை கனத்தது என்றான். டெங்குவில் எந்தப் பரிசோதனை எடுப்பது, அதை எப்படிப் படிப்பது என்பதெல்லாம் நாள் கணக்கில்தான் நிற்கிறது. எங்களிடம் மூன்று கணக்கு இருந்தது. தம்பி நல்லபடியாகத் தேறிவிட்டான். அதற்கப்புறம் எங்கள் வீட்டுக் காலண்டரோடு ஒரு பென்சிலும் நூலில் தொங்குகிறது. நான் மருத்துவர் இல்லை. டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், வீட்டில் செய்து பழகியதையும் வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: தேதியில் ‘1’ என்று எழுதுங்கள்

உடம்பு சுட்ட முதல் நாளின் கட்டத்தில் 1 என்று எழுதி, பக்கத்தில் மணியைக் குறியுங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் அளவையும் எழுதலாம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் காய்ச்சல். மாத்திரை கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அதே கட்டத்தில் மணி எழுதுங்கள். ராத்திரி கரண்ட் போய், அரைத் தூக்கத்தில் யார் எப்போது மாத்திரை கொடுத்தார்கள் என்று குழம்பும்போது இதன் அருமை தெரியும்.

படி 2: ஆபத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

மாத்திரையைத் தேடுவதற்கு முன் இரண்டு நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, மோவாயை நெஞ்சில் தொடச் சொல்லுங்கள். ஃப்ளூவில் கழுத்துத் தசை வலித்தாலும் கழுத்து வளையும். வளையவே மறுத்து விறைத்து நின்றால் மூளையுறை அழற்சியாக இருக்கலாம், உடனே மருத்துவமனை. உளறல், வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், ஒரு பக்கம் கை கால் தளர்வது, இடி விழுந்ததுபோலச் சட்டென்று உச்சத்துக்குப் போன வலி, இவற்றில் எதைக் கண்டாலும் அப்படியே கிளம்புங்கள். தோலில் சிவப்புப் புள்ளிகள் இருந்தால் கண்ணாடி டம்ளரை அழுத்திப் பாருங்கள். கறுத்த தோலில் உள்ளங்கை, உள்ளங்காலில் தேடுங்கள். அழுத்தியும் மறையாத புள்ளி என்றால் காத்திருக்க வேண்டாம். கைக்குழந்தை தலைவலி என்று சொல்லாது. உச்சிக்குழி புடைத்திருப்பதும், பால் குடிக்க மறுப்பதும், கீச்சென்ற அழுகையும்தான் அதன் பேச்சு.

வயல் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் தலைவலி, காய்ச்சல் என்றுதான் தொடங்கும். 2017 கடைசியில் நாடு முழுவதும் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அதற்கான தடுப்பூசி போட்டார்கள். உங்கள் பிள்ளைக்குப் போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள்.

படி 3: வைரஸ் தலைவலிதானா என்று அடையாளம் காணுங்கள்

வைரஸ் தலைவலி தனியாக வராது. காய்ச்சல், உடம்பு வலி, தொண்டைக் கரகரப்பு, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு என்று ஏதாவது ஒன்றோடு வரும். பெரும்பாலும் தலையின் இரண்டு பக்கமும் கனக்கும். இருமினாலும் குனிந்தாலும் கூடும். கிருமியை எதிர்க்க உடம்பு சுரக்கும் பொருள்கள் வலி நரம்புகளைக் கூசவைக்கின்றன. உடம்பில் நீர் குறைவது அதோடு சேர்ந்துகொள்கிறது. கண்ணுக்குப் பின்னால் குத்துவதுபோல வலித்தால் டெங்குவை நினைத்துக்கொள்ளுங்கள், ஃப்ளூவிலும் அது உண்டு என்றாலும்.

காய்ச்சலே இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் விண்விண்ணென்று தெறித்து, வெளிச்சம் பட்டால் குமட்டி, முன்பும் இப்படி வந்திருந்தால் அது ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம். காட்டுப் பக்கம், எல்லைப் பக்கம் போய்வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் மலேரியாவுக்கு அன்றைக்கே ரத்தம் பாருங்கள். அது வைரஸ் இல்லை, அதற்குத் தனி மருந்து உண்டு.

படி 4: பாராசிட்டமால் மட்டும், அளவோடு

மழைக்காலக் காய்ச்சலில் டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதுவும் வேண்டாம். ரத்தக்கசிவை அவை கூட்டும். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வைரஸ் காய்ச்சலில் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அல்லது இரண்டு, 4 முதல் 6 மணி நேர இடைவெளியில். 24 மணி நேரத்தில் 8 மாத்திரைக்கு மேல் போகக் கூடாது. ஒல்லியானவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள், தினமும் குடிப்பவர்கள் டாக்டரைக் கேட்டு இன்னும் குறைக்க வேண்டும். குழந்தைக்கு எடைதான் கணக்கு: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். சிரப் பாட்டிலுக்குப் பாட்டில் வீரியம் மாறும். 5 மில்லியில் 120 இருக்கிறதா 250 இருக்கிறதா என்று லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

இங்கே எல்லாரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. பயோஜெசிக் என்பது பாராசிட்டமால். ஜலதோஷத்துக்கு வாங்கும் டிகோல்ஜென்னிலும் பாராசிட்டமால் இருக்கிறது. தலைவலிக்கு அது, மூக்குக்கு இது என்று இரண்டையும் போட்டால் ஈரலுக்கு இரட்டைச் சுமை.

கடையில் பெயர் இல்லாமல் நாலைந்து நிற மாத்திரைகளைச் சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தருகிறார்களே, அதை தயவுசெய்து வாங்காதீர்கள். தம்பி அப்படி ஒரு பொட்டலத்தை இரண்டு நாள் விழுங்கியிருந்தான். “என்ன மாத்திரை?” என்று டாக்டர் கேட்டதற்கு, “ஒரு மஞ்சள், இரண்டு வெள்ளை” என்பதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான், வைரஸை அது ஒன்றும் செய்யாது.

படி 5: தண்ணீர், கஞ்சி, டீ

வலி பாதி குறைவது இதில்தான். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டிப் போட்டுக் கலக்குங்கள். ஒரே மூச்சில் குடித்தால் வாந்தி வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு மடக்கு போதும். நொய்க்கஞ்சி, இளநீர், ரசம் எல்லாம் சரி. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால் தண்ணீர் போதவில்லை. குடிக்கவும் முடியவில்லை என்றால் டிரிப்ஸ் தேவைப்படலாம்.

தினம் நாலைந்து டீ குடிப்பவர் காய்ச்சலில் திடீரென்று நிறுத்தினால், ஒரு நாளுக்குள் அதற்கென்றே தனித் தலைவலி வரும். வயிறு ஏற்றால் காலையில் அரைக் கப் கொடுங்கள்.

நெற்றியில் ஈரத்துணி போடலாம். பக்கத்து வீட்டுப் பர்மிய அக்கா தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசிவிட்டால் குளிர்ச்சியாக இருக்கும், பூசிக்கொள்ளுங்கள். கொதிக்கும் சட்டியில் பிள்ளைகளை ஆவி பிடிக்கவிடாதீர்கள். சட்டி கவிழ்ந்தால் வெந்துவிடும். பகலிலும் கொசுவலைக்குள் படுக்கவையுங்கள். டெங்குக் கொசு பகலில் கடிப்பது. நோயாளியைக் கடித்த கொசு அடுத்து வீட்டில் உள்ளவர்களைத்தான் தேடும்.

படி 6: 3-ஆம் நாள் முதல் 7-ஆம் நாள் வரை

இரண்டு நாள் தாண்டியும் காய்ச்சல் விடாவிட்டால் காலண்டர் தாளோடு டாக்டரிடம் போங்கள். டெங்கு வைரஸின் புரதத்தை ரத்தத்தில் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை முதல் ஐந்து நாளில் உதவும். அதற்கப்புறம் எதிர்ப்பொருள் பரிசோதனை. கூடவே ரத்த அணுக்களையும் எண்ணிப் பார்ப்பார்கள்.

காய்ச்சல் இறங்கிய நாளில்தான் எல்லாரும் ஏமாறுகிறோம். நாலாம் நாள் தம்பிக்கு உடம்பு குளிர்ந்தது, தலைவலியும் விட்டது. அம்மா கருமாரியம்மனுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்து சோறு வடித்தார். அன்றைக்குச் சாயங்காலம்தான் அவனுக்கு வயிற்றில் பிடித்தது, பல் ஈறில் ரத்தம் கசிந்தது. டெங்குவின் மோசமான கட்டம் காய்ச்சல் இறங்கும்போது தொடங்கி ஒன்றிரண்டு நாள் இருக்கும். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், கறுத்த மலம், சில்லிட்ட கை கால், தாங்காத அசதி, இருக்கை கொள்ளாத தவிப்பு, இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று பார்க்காதீர்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள் என்றால் இவ்வளவு தூரம் காத்திருக்காமல் முதல் நாளே காட்டிவிடுங்கள்.

படி 7: தேறின பிறகு

காய்ச்சல் போய் ஒன்றிரண்டு வாரம் தலை லேசாகக் கனப்பதும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும் சகஜம். வலி நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வர வேண்டும். கூடினாலோ, ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தாலோ, காய்ச்சல் திரும்பினாலோ மறுபடி காட்டுங்கள்.

அந்த மாதக் காலண்டர் தாளைக் கிழித்துப் போட்டுவிடாமல் பிறப்புச் சான்றிதழ் வைக்கும் உறையில் வையுங்கள். டெங்கு வைரஸில் 4 வகை உண்டு. ஒரு வகை வந்து போனவருக்கு இன்னொரு வகை வந்தால் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். அடுத்த மழையில் காய்ச்சல் என்று போகும்போது, “எனக்கு முன்னாலேயே டெங்கு வந்திருக்கிறது, இந்த வருஷம், இந்த மாதம்” என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.