அப்லிங்க் கிராஃப் ஃப்ளாட் அடித்தால் எங்கே பார்ப்பது

ரூட்டரை ரீபூட் செய்யாதீர்கள். எங்கள் கடலூர் ஐஎஸ்பி (இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனி) ஆபீசில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். ராத்திரி எட்டரைக்கு மேல் செம்மண்டலம், மஞ்சக்குப்பம், ஓ.டி. (பழைய டவுன்) என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் கேபிள் ஆபரேட்டர்கள் "அக்கா, நெட்டு ஸ்லோவா இருக்கு" என்று போன் அடிக்கும்போது கை தானாகப் பவர் ஸ்விட்ச் பக்கம்தான் போகும். ரீபூட் செய்தால் பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு உள்ளே வரும் முறை) கஸ்டமர்கள் மொத்தமும் கழன்று, ஒரே நேரத்தில் திரும்ப உள்ளே வருவார்கள். எவ்வளவு டிராஃபிக் போனது, எத்தனை எரர் என்று எண்ணும் கவுண்டரெல்லாம் பூஜ்யமாகி, தடயமும் அதோடு போய்விடும்.

முதலில் அப்லிங்க் (மேலிருந்து நமக்கு பேண்ட்வித் வரும் லைன்) கிராஃபைத் திறந்து அதன் உருவத்தைப் பாருங்கள். சாயங்காலத்திலிருந்து ஏறிக்கொண்டே வந்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஓரிடத்தில் நின்றுவிட்டால் எங்கோ ஒரு வரம்பில் முட்டுகிறது என்று அர்த்தம். கோடு நிற்காமல் ஏறி ஏறி விழுந்தால் பாக்கெட் (டேட்டாத் துண்டு) தொலைகிறது. முட்டுகிறதென்றால் எந்த எண்ணில் முட்டுகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதி பதில் அந்த எண்ணிலேயே இருக்கும்.

ஆனால் கிராஃபையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. எஸ்என்எம்பி-யில் (கிராஃப் சாஃப்ட்வேர் ரூட்டரிடம் கணக்குக் கேட்கும் முறை) பழைய 32 பிட் கவுண்டரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படித்தால், டிராஃபிக் சுமார் 114 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டியதும் இரண்டு வாசிப்புக்கு நடுவில் கவுண்டர் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். கிராஃப் என்னென்னவோ காட்டும். 64 பிட் கவுண்டருக்கு மாற்றிவிட்டு மேலே படியுங்கள்.

94–99 எம்பிபிஎஸ் பக்கத்தில் நிற்கிறதா? ரூட்டரை விட்டுவிட்டு கேபிளைப் பிடியுங்கள். போர்ட் ஜிகாபிட்டில் இல்லை, 100-க்கு இறங்கியிருக்கிறது. ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடி வயரும் வேண்டும், 100-க்கு இரண்டு ஜோடி போதும். அதனால் மற்ற இரண்டில் ஒரு ஜோடி போனாலும் லிங்க் லைட் எரியும், பிங் போகும், யாருக்கும் சந்தேகம் வராது. ஓ.டி., தேவனாம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிய இடத்தில் மாடியில் வைத்த பெட்டியென்றால் ஆர்ஜே 45 பிளக்கை உருவி வெளிச்சத்தில் பாருங்கள்; உப்புக்காற்று பட்டுப் பின்னில் பச்சை பூத்திருக்கும். துடைத்துப் போடாதீர்கள், வெட்டிவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள். ஒரு முனையில் மட்டும் ஸ்பீடு, டூப்ளெக்ஸை ஃபிக்ஸ் செய்யும் பழக்கத்தையும் விடுங்கள். ஆட்டோவில் இருக்கும் எதிர்முனை ஹாஃப் டூப்ளெக்ஸில் (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் லேட் கொலிஷன்தான், பாக்கெட் பாதி வழியில் மோதிப் போகும்.

940–990 பக்கத்தில் நின்றால் ஜிகாபிட் போர்ட் நிறைந்துவிட்டது, வேறொன்றுமில்லை. "இரண்டு லிங்க்கை எல்ஏசிபி-யில் கட்டியிருக்கிறோமே" என்பீர்கள். இரண்டையும் ஒரே லிங்க் மாதிரி ஆக்குவதுதான் எல்ஏசிபி; எந்த பாக்கெட் எந்த லிங்க்கில் என்று முடிவு செய்யும் ஹாஷ் எதை வைத்துப் பிரிக்கிறது என்று பாருங்கள். லேயர் 2 (மேக் எனும் ஹார்ட்வேர் அட்ரஸ்) மட்டும் என்றால் நம் ரூட்டருக்கும் எதிர் ரூட்டருக்கும் ஒரே ஜோடி மேக் அட்ரஸ்தான். எல்லா டிராஃபிக்கும் ஒரே லிங்க்கில் போகும், இன்னொன்று சும்மா கிடக்கும். லேயர் 3, 4-க்கு (ஐபி அட்ரஸ், போர்ட் எண்) மாற்றுங்கள். நம் ஹாஷ் நாம் அனுப்புவதற்கு மட்டுமே. டவுன்லோடு எந்த லிங்க்கில் வருவது என்பது எதிர்ப்பக்கத்தார் கையில் இருக்கிறது. அவர்களிடமும் மாற்றச் சொல்ல வேண்டும்.

நிறையப் பேர் மண்டையை உடைத்துக்கொள்வது லைசென்ஸ் விஷயத்தில்தான். சின்ன ஐஎஸ்பி-க்காரர்கள் செகண்ட் ஹேண்டில் சிஸ்கோ ஏஎஸ்ஆர் 1001-எக்ஸ் ரூட்டர் வாங்குவோம். முகப்பில் இரண்டு 10 ஜி போர்ட் இருப்பதைப் பார்த்தால் மனசு நிறைந்துவிடும். ஆனால் அடிப்படை லைசென்ஸ் 2.5 ஜி மட்டுமே. 5, 10, 20 ஜி எல்லாம் தனி லைசென்ஸ். அந்த 2.5 என்பது போகிறது, வருகிறது இரண்டையும் கூட்டிய கணக்கு. கிராஃபில் டவுன்லோடு 2.1-இல் நிற்கும். 2.1 என்று உலகத்தில் எந்த வரம்பும் இல்லையே என்று குழம்புவோம். அதே நேரத்து அப்லோடைப் பாருங்கள், 0.4 இருக்கும். கூட்டினால் ஆள் பிடிபடுவான். 'ஷோ பிளாட்ஃபார்ம் ஹார்ட்வேர் த்ரூபுட் லெவல்' அடித்தால் எவ்வளவுக்கு அனுமதி என்று அதுவே சொல்லும். லைசென்ஸ் அளவைத் தாண்டிவிட்டது என்று லாகிலும் ஒரு வரி விழும். தினம் லாக் படிக்கிறவர்களுக்கு இந்தப் பகுதியே தேவைப்படாது. லைசென்ஸ் ஏற்றியபின் லெவலை மாற்றி, சேவ் செய்து, ரீலோடு கொடுங்கள். ரீபூட்டுக்கு உண்மையிலேயே வேலை இருக்கும் இடம் இது. விடியற்காலை நாலு மணிக்குச் செய்யுங்கள்.

மைக்ரோடிக் ரூட்டர் என்றால் லைசென்ஸை விடச் சிபியூதான் சந்தேகப்பட வேண்டிய ஆள். மொத்த லோடை மட்டும் பார்த்துவிட்டு "சிபியூ ஃப்ரீயாத்தான் இருக்கு" என்று சொல்லாதீர்கள். அவர்களுடைய சிசிஆர் 1036 மாடலில் 36 சிபியூ கோர். ஒரு கோர் முழுக்க வெந்துகொண்டிருந்தாலும் மொத்தக் கணக்கில் 3 சதவீதம்கூடக் காட்டாது. கோர் வாரியாகத் திறந்து, புரொஃபைல் டூலில் எது தின்கிறது என்று பாருங்கள். ஃபயர்வால் என்றால் அதிகம் அடிபடும் ரூலை மேலே ஏற்றுங்கள். கியூ (கஸ்டமர் வேகத்தைப் பிளானுக்குள் கட்டுவது) என்றால் எல்லாரையும் ஒரே பேரன்ட் கியூவுக்குக் கீழே தொங்கவிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஃபாஸ்ட்ட்ராக் (குறுக்கு வழி) போட்டால் சிபியூ சட்டென்று இறங்கும், உண்மைதான். ஆனால் அந்த டிராஃபிக் சிம்பிள் கியூவைத் தொடாமல் போகும். 50 எம்பி பிளான்காரர் ஃபுல் ஸ்பீடில் இழுப்பார், உங்களுக்குப் புகார் வராது, முதலாளிக்குத்தான் வரும். இன்னொன்று, ரூட்டருக்குள்ளேயே இருக்கும் பேண்ட்வித் டெஸ்ட்டை ஓட்டி அளக்காதீர்கள், அந்த டெஸ்ட்டே சிபியூவைத் தின்றுவிடும். இரண்டு பக்கமும் லேப்டாப் வைத்து நடுவில் ரூட்டர் வழியாக ஐபெர்ஃப் (வேகம் அளக்கும் சாஃப்ட்வேர்) ஓட்டுங்கள்.

இனி ஏறி ஏறி விழும் கிராஃப். போர்ட்டில் எஃப்சிஎஸ் எரர் (கெட்டுப்போய் வந்த பாக்கெட்) கூடுகிறதா என்று முதலில் பாருங்கள். கூடினால் ஃபைபர் பவர், கனெக்டர், ஐப்பசி மழையில் தண்ணீர் இறங்கிய ஜாயின்ட் பாக்ஸ் என்று தேட வேண்டும். எரர் இல்லையென்றால், மேலிருந்து பேண்ட்வித் கொடுப்பவர் வாங்கிய அளவுக்கு மேல் வரும் பாக்கெட்டை வரிசையில் நிறுத்தாமல் அப்படியே வெட்டுகிறார். டேட்டாவை அனுப்பும் டிசிபி வேகத்தைச் சட்டென்று குறைத்து, மறுபடி ஏறி, மறுபடி அடிவாங்கும். வாங்கிய அளவில் 95 சதவீதத்துக்கு நம் பக்கமே ஷேப்பர் (வெட்டாமல் வரிசையில் நிறுத்தி அனுப்புவது) போட்டுவிடுங்கள். அந்த 5 சதவீதத்தை விட்டுக்கொடுக்க முதலாளி சம்மதிக்க மாட்டார்; ஒருநாள் போட்டுக் காட்டுங்கள்.

எல்லாருக்கும் நன்றாக ஓடி, ஒரே ஒருவர் மட்டும் புகார் சொன்னால் தூரத்தைக் கேளுங்கள். சிப்காட் பக்கத்து கம்பெனி, 100 எம்பி லைன், அமெரிக்க சர்வருக்கு பேக்கப் 2.6 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகவில்லை என்பார்கள். போய்வர 200 மில்லிசெகண்ட், டிசிபி விண்டோ (எதிர்முனையின் பதில் வருமுன் அனுப்பக்கூடிய அளவு) 64 கிலோபைட் என்றால் ஒரு கனெக்ஷனுக்குக் கணக்கே அவ்வளவுதான். லைனை நிரப்ப 2.5 மெகாபைட் விண்டோ வேண்டும். இரண்டு முனையிலும் விண்டோ ஸ்கேலிங்கைத் (விண்டோவைப் பெரிதாக்கும் வசதி) திறக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் சுமார் நாற்பது கனெக்ஷனாகப் பிரித்து அனுப்பச் சொல்லுங்கள்.

இத்தனையும் பார்த்தபின் சென்னையில் பேண்ட்வித் கொடுப்பவருக்கு மெயில் போடுவதானால் இரண்டு திசை கிராஃப், போர்ட் எரர் கவுண்டர், கோர் வாரியான சிபியூ, ஐபெர்ஃப் முடிவு நாலையும் ஒரே நேரத்தில் எடுத்து இணையுங்கள். இல்லாவிட்டால் "உங்க பக்கம் ஒருதடவை ரீபூட் பண்ணிப் பாருங்க" என்றுதான் பதில் வரும்.